பானெட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன வயது?

அன்புள்ள கதிரவா,

உன் வீட்டுக்காரப் பாட்டியின் பழைய படங்களில் இருப்பவை என்ன கார்கள் என்று பார்க்க நீ ஸ்கேன் செய்து அனுப்பியவற்றைப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் கீழே ‘செவர்லே’ என்று எழுதியிருக்கிறாய். பழைய கார் என்றாலே செவர்லேதானா? நீ குடியிருப்பது கார்களுக்குப் பேர்போன மிச்சிகனில், அதுவும் இப்சிலாண்டியில். பாட்டியின் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்.

உன் தாத்தா ஃபார்கோ லாரிகளுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கி வரும் அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து கார் விளம்பரங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வளர்ந்தவள் நான். மற்ற பெண்கள் கோலப் புத்தகம் வைத்திருந்தார்கள். அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பலாம்.

முதலில் பாட்டி ஆசையோடு விவரம் கேட்ட படம். பானெட்டில் குழந்தையாகப் பாட்டி, பக்கத்தில் அவருடைய அப்பா, பின்னால் இலை அடர்ந்த மரம். 1949 ஏப்ரலில் தான் பிறந்ததாகவும், அந்தக் கோடையிலேயே அப்பா வாங்கிய புதுக் கார் இது என்றும் பாட்டி சொல்கிறார் அல்லவா? காரின் முகத்தைப் பார். கிரில்லின், அதாவது முன்பக்க வலைத் தடுப்பின், நடுவே விமான மூக்குபோல ஓர் உருண்டை துருத்திக்கொண்டிருக்கிறது. அது ஃபோர்டு, சந்தேகமே வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஃபோர்டு முற்றிலும் புதிதாகச் செய்த முதல் கார் அது. 1949 மாடல் என்று பெயர் வைத்து, 1948 ஜூன் மாதமே நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் காட்சிக்கு வைத்தார்கள். அதுவரை தனியாகப் புடைத்து நின்ற மட்கார்டுகள் அதில் உடம்போடு உடம்பாகச் சேர்ந்துவிட்டன. 1951 மாடலில் ஓர் உருண்டைக்குப் பதில் இரண்டு. ஆக, இது 1949 அல்லது 1950.

இந்த இரண்டையும் பிரிப்பதுதான் வேலை. 1949 காரில் கிரில்லுக்கு மேலே எஃப், ஓ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகள் தள்ளித் தள்ளிப் பதித்திருக்கும். 1950-இல் அவற்றை எடுத்துவிட்டுக் கேடயம்போல ஒரு சின்னத்தை வைத்தார்கள். படத்தைப் பெரிதாக்கு. குழந்தையின் இடது காலணிக்குச் சற்றுக் கீழே தெரிவது எழுத்தா, கேடயமா? கேடயம்தான். கதவின் கைப்பிடியும் அதையே சொல்கிறது. கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான் வைத்த கைப்பிடி. 1949-இல் அது கிடையாது.

அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு வருடத்து மாடல் அதற்கு முந்தைய வருடத்து இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 1949 கோடையில் இந்தக் கார் யார் வீட்டிலும் இருந்திருக்க முடியாது. மரத்தில் இலை இருப்பதால் குளிர்காலமும் இல்லை. அப்படியானால் இந்தப் படம் சீக்கிரம் என்றால் 1950 வசந்தம் அல்லது கோடை. குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். அடிப்பகுதி தேய்ந்த காலணியைப் பார்த்தால் நடக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை என்றே தோன்றுகிறது.

பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீதான் யோசிக்க வேண்டும். அவருடைய அப்பா 1949-இல் ஒரு காரை வாங்கி மறுவருடமே கொடுத்துவிட்டு இதை எடுத்திருக்கவும் கூடும். அந்தக் காலத்தில் அங்கே அப்படி மாற்றியவர்கள் உண்டு. ஆகவே “இது அந்தக் கார் இல்லை” என்று முகத்திலடித்தாற்போலச் சொல்லாதே. “இதற்கு முன்பும் வீட்டில் ஒரு கார் இருந்ததா பாட்டி?” என்று கேட்டுப் பார். அதிலிருந்தே ஏதாவது கிளம்பும்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். படம் எந்த வருடத்துக்கு முன்பு எடுத்திருக்க முடியாது என்பதைத்தான் கார் சொல்லும். எடுத்த வருடத்தைச் சொல்லாது. பத்து வருடம் பழகிய காரின் மேல் சாய்ந்துகொண்டும் மனிதர்கள் படம் எடுப்பார்கள். அதற்குத்தான் நம்பர் பிளேட். வெள்ளைச் சட்டைக்காரர் நிற்கும் படத்தில் பிளேட்டின் அடியில் ‘வாட்டர் வொண்டர்லேண்ட்’ என்று இருக்கிறது பார். மிச்சிகன் அந்த வாசகத்தைப் போடத் தொடங்கியது 1954-இல். கார் பியூக். பானெட்டின் பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் இருந்தால் பியூக், 1949-இல் வந்த அலங்காரம். நான்கு இருந்தால் ரோட்மாஸ்டர், அப்போதைய பியூக்குகளிலேயே உயர்ந்த ரகம். இதில் மூன்றுதான். நெட் நிக்கல்ஸ் என்ற வடிவமைப்பாளர் தன் சொந்தக் காரில் ஓட்டை போட்டு, உள்ளே விளக்குகளை வைத்து, இன்ஜினோடு சேர்ந்து மினுக்கவிட்டாராம். விற்பனைக்கு வந்த கார்களில் விளக்கு இல்லை, ஓட்டை மட்டும் நின்றது. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

தொப்பிக்காரர் ஓட்டும் திறந்த கார் ஃபோர்டின் மாடல் டி. நெகட்டிவை மறுபுறமாக வைத்து ஸ்கேன் செய்திருக்கிறாய், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதே, கவனிக்கவில்லையா? மாடல் டிக்கு 1908-இல் வந்த நாளிலிருந்தே இடப்பக்கம்தான் ஸ்டியரிங். இன்னொரு வேடிக்கை கேள். 1912 முதல் 1925 வரை அமெரிக்காவில் செய்த அந்தத் திறந்த வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக்கு முன்கதவே கிடையாது. கதவு இருப்பதுபோலத் தகரத்தில் கோடு மட்டும் அழுத்தியிருப்பார்கள். மறுபக்கம் ஏறி நகர்ந்துதான் உட்கார வேண்டும். படத்தைத் திருப்பிப் போட்டால் அந்தப் பொய்க்கதவு சரியாக இடப்பக்கம் வந்து நிற்கிறது. ரேடியேட்டர் கறுப்பாக இருப்பதால் 1917 அல்லது அதற்குப் பிந்தையது. அதற்கு முன்பு பித்தளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளுப்பாக மின்னும்.

வாலில் மீனுக்கு இருப்பதுபோலப் பெரிய துடுப்பும் பக்கத்துக்கு இரண்டு தோட்டா வடிவ விளக்கும் வைத்தது 1959 காடிலாக். அதைப் போய் 1957 செவர்லே என்கிறாய்! ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளரின் குழு பி-38 போர் விமானத்தைப் பார்த்துவிட்டு 1948 காடிலாக்கில் சின்னதாக ஒரு துடுப்பு வைத்தது. அது அளவோடு அழகாக இருந்தது. பதினொரு வருடத்தில் அது வளர்ந்த கதிதான் நீ அனுப்பிய படம். ஊரே மெச்சுகிறது, எனக்குச் சகிக்கவில்லை.

குளிர்கோட்டுப் பெண்மணியின் பின்னால் நிற்பது மட்டும் செவர்லேதான், மகிழ்ச்சியா? 1942 மாடல். கிரில்லில் பளபளப்பே இல்லை, பெயின்ட்தான் அடித்திருக்கிறது. போருக்கு உலோகம் வேண்டும் என்று அந்த வருடத் தொடக்கத்தில் பம்பரைத் தவிர மற்ற குரோமியப் பூச்சுகளுக்குத் தடை போட்டார்கள். பிப்ரவரியில் பொதுமக்களுக்குக் கார் செய்வதே நின்றது. 1943, 1944 மாடல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. உன் ஊருக்குப் பக்கத்து வில்லோ ரன்னில் ஃபோர்டு அப்போது பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்துகொண்டிருந்தது, மொத்தம் 8,685. அந்தப் பெண்மணி அங்கே வேலை பார்த்தாரா என்று பாட்டியிடம் கேள்.

பனியில் புதைந்த காரை என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. விட்டுவிடு.

மிச்சப் படங்களை ஸ்கேன் செய்யும்போது வெள்ளை ஓரத்தை வெட்டாதே. பிரின்ட் போட்ட மாதமும் வருடமும் சில படங்களில் அங்கேதான் அச்சாகியிருக்கும். பின்பக்கத்தையும் எடு, பென்சிலால் ஏதாவது கிறுக்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்துக் கிடக்காமல் உன் ஊர் கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வா. ஹட்சன் என்ற பழைய கார் கம்பெனியின் கடைசி விற்பனையாளர் கடையில்தான் அது நடக்கிறது. ஹட்சன் ஹார்னெட் கார் ஏதாவது நின்றால், கதவு திறந்திருக்கும்போது காரின் உள்தரை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா