கரையான் மருந்துக்கு கேரண்டின்னா கார்டோட பின்பக்கத்த முதல்ல படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாங்க சத்துவாச்சாரில இருக்கோம், வீடு கட்டி 22 வருஷம் ஆகுது. போன வாரம் மழை பேஞ்ச அன்னிக்கு சாயங்காலம் ட்யூப்லைட்ட சுத்தி ஒரே ஈசல், ஜன்னல் எல்லாம் சாத்தி தான் இருந்துச்சு, எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா ஹால் வாசக்கால் அடியில இருந்து ஒண்ணு ஒண்ணா வெளிய வந்துகினே இருக்கு. சின்ன வயசுல அணைக்கட்டு பக்கம் எங்க பாட்டி வீட்ல ஈசல் புடிச்சு வறுத்து அரிசியோட கலந்து சாப்ட்டு வளந்தவங்க தான் நாங்க, ஆனா வீட்டுக்குள்ள இருந்தே ஈசல் பறக்குதுன்னா கரையான் கூட்டம் நல்லா முத்திப் போயிடுச்சுன்னு அர்த்தம். வாசக்கால விரலால அமுக்கினேன், பெயின்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ள போச்சு, உள்ள மரத்துக்கு பதிலா ஈர மண்ணு தான் கைல வந்துச்சு.

இதே வீட்டுக்கு 3 வருஷம் முன்னாடி 18,000 ரூபா குடுத்து டிரில் போட்டு மருந்து ஏத்தினோம், 5 வருஷ கேரண்டி கார்டும் குடுத்தாங்க. போன் பண்ணா, வருஷா வருஷம் செக்கப்புக்கு கூப்ட்டீங்களாம்மா, கூப்பிடல இல்ல, அப்ப கேரண்டி செல்லாதுங்கறாங்க, அது போதாதுன்னு நடுவுல பாத்ரூம் டைல்ஸ் மாத்தி தரைய ஒடச்சிருக்கீங்க அதுக்கும் நாங்க பொறுப்பில்லன்னு சொல்லிட்டாங்க. கார்ட எடுத்து பாத்தேன், பின்பக்கம் பொடி எழுத்துல ரெண்டுமே இருக்கு. படிக்காதது எங்க தப்பு தான், ஒத்துக்கறேன். ஆனா மருந்து அடிக்க வந்தவங்க காபி குடிச்சிகினு அர மணி நேரம் பேசினாங்க, இத பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே.

தரைய ஒடச்சா என்னன்னு எனக்கும் அப்ப தெரியாது. மருந்து வேலை செய்யறது தரைக்கு அடியில இருக்கற மண்ணுல, அந்த மண்ண தோண்டிட்டா, புதுசா மண்ணு கொட்டினா அந்த எடத்துல வழி தெறந்துடும், கரையானுக்கு ஒரு நூல் சந்து போதும். அதனால பாத்ரூம் வேலை, புது ரூம் எடுக்கறது, செப்டிக் டேங்க் மாத்தறதுன்னு எது பண்ணாலும் முன்னாடியே கம்பெனிக்கு எழுதி தெரிவிச்சிட்டு அந்த எடத்துக்கு மட்டும் திரும்ப மருந்து அடிச்சிக்கணும். தண்ணி கசிவும் அதே கத தான், பல கார்டுல பைப் லீக் இருந்தா கேரண்டி கெடையாதுன்னு போட்டிருக்கு.

இன்னொன்னு, கேரண்டின்னா அரிச்ச மரத்துக்கு காசு தருவாங்கன்னு நான் நெனச்சிருந்தேன். பெரும்பாலும் திரும்ப வந்து மருந்து அடிக்கறது மட்டும் தான் அதுல அடக்கம், கதவு, பீரோ, உள்ள வச்ச கிரயப் பத்திரம் எதுக்கும் பைசா வராது. அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேளுங்க, திரும்ப அடிக்கறது முழுசா ஃப்ரீயா, எத்தன வாட்டி, வீட்ட வித்தா வாங்கறவங்க பேருக்கு அந்த கேரண்டி மாறுமா. காட்பாடி பக்கம் பழைய ஃப்ளாட் வாங்கறவங்க இந்த கடைசி கேள்விய கண்டிப்பா கேக்கணும்.

வேலை நடக்கும்போது பக்கத்துல நில்லுங்க. கட்டி முடிச்ச வீட்டுக்கு எப்படி மருந்து ஏத்தணும்னு ஐஎஸ் 6313ங்கற இந்திய தரநிலையோட மூணாவது பாகத்துல இருக்கு, செவுரும் தரையும் சேர்ற எடத்துல 12 மில்லிமீட்டர் ஓட்டை, ஒண்ணுக்கொண்ணு 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடி. எங்க வீட்ல வெள்ளை சிமெண்ட் வச்சு அடச்ச புள்ளிங்கள இப்ப டேப் வச்சு அளந்தேன், ரெண்டர அடிக்கு ஒண்ணு தான் இருக்கு! மருந்து டப்பாவ சீல் பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க, எந்த மருந்து, இமிடாக்ளோபிரிட்டா பைஃபென்த்ரினா, எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ மருந்துன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. நெடி அடிச்சா தான் நல்ல மருந்துன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, நெடி இல்லாத மருந்தும் நல்லாவே வேலை செய்யும். பூச்சிக்கொல்லி சட்டத்துல இவங்க லைசன்ஸ் வச்சிருக்கணும், அத காட்ட சொல்றதுல தப்பே இல்ல.

குடியாத்தத்துல எங்க அக்கா இப்ப தான் அஸ்திவாரம் போடறாங்க. கட்டும்போதே மண்ணுக்கு மருந்து ஊத்தறது தான் நல்ல முறை, அதுக்கு அதே ஐஎஸ்ல ரெண்டாவது பாகம். மேஸ்திரி என்னமோ நான் பாத்துக்கறேம்மான்னு சொல்றார், அக்கா கிட்ட நான் சொல்லிட்டேன், கேரண்டி பேப்பர் மேஸ்திரி பேர்ல இருந்தா நாளைக்கு யார போய் கேப்பே, உன் பேர்லயே வாங்குன்னு.

ஏமாந்துட்டோம்னு தோணினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம். நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் கெடையாது, கம்பெனி சென்னைல இருந்தாலும் 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம்.

நாங்க கம்பெனிக்கு ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல லெட்டர் அனுப்பி இருக்கோம், ஓட்டைங்களோட தூரத்த அளந்த போட்டோவும் உள்ள வச்சிருக்கேன். வியாழக்கிழமை ஆசாரி வர்றார், பழைய வாசக்கால தூக்கி போட்றாதீங்க, அந்த அடிப்பக்க துண்ட மட்டும் அறுத்து என் கிட்ட குடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்