வெள்ளரிப் பிஞ்சு வெம்பி விழுவது ஏன்?

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பில் மொட்டை மாடியிலும் பல்கனியிலும் வெள்ளரி நடுவோரைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்த உடனே பூச்சிநாசினிப் போத்தலைத் தேடுகிறார்களே, அதுதான் கவலை. வெள்ளரி பச்சையாகவே, பெரும்பாலும் தோலோடு, வாயில் வைக்கும் காய். காய்க்கத் தொடங்கினால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். மருந்தடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று போத்தலில் எழுதியிருப்பதை இந்தக் கொடியில் எப்படிக் கடைப்பிடிப்பது?

முதலில், விழுந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளித்துச் சுருங்கி, தோலில் காயம் எதுவும் இல்லாமல், வெட்டினால் உள்ளே சுத்தமாக இருந்தால் அது மகரந்தம் சேராத பிஞ்சு. தோலில் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் துளி, அந்த இடம் குழிந்து காய் ஒரு பக்கமாக வளைந்திருந்தால் அது பழ ஈயின் வேலை. வெட்டினால் வெள்ளைப் புழுக்கள் நெளியும். முற்றிய புழு துள்ளியும் விழும்.

மகரந்தம் சேராததற்கு மருந்தே கிடையாது. ஆண் பூ மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவின் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். தொடக்கத்தில் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூ மட்டுமே பூத்து உதிரும். அது இயல்பு, கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பெண் பூ மலர்ந்திருப்பது ஒரே நாள். உயரமான தொடர்மாடிகளில் தேனீ வரவு குறைவென்றால், காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் புதிதாக மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பகுதி) முழுவதும் படும்படி மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகத்தான் வரும். காலையில் மருந்தடிப்பவர்கள், வருகின்ற ஒன்றிரண்டு தேனீக்களையும் கொன்றுவிடுகிறார்கள்.

பழ ஈக்கு மருந்து இன்னும் வீண், ஏனென்றால் புழு காய்க்குள் இருக்கிறது. பூ வாடிய மறுநாளே பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடி, காம்பில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பழைய பத்திரிகைத்தாளே போதும். மழையில் கிழிந்தால் மாற்ற வேண்டும். குத்துப்பட்ட காய்களைக் கூட்டெருக் குழியில் போடவே கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் நல்ல வெயிலில் வைத்து, அதன்பின் அப்புறப்படுத்துங்கள்.

நடும் காலமும் முக்கியம். கொழும்பில் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், ஒக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். அப்போது பூத்தால் மகரந்தம் நனைந்து கெடும். இலை நரம்புகளுக்கிடையே கோண வடிவில் மஞ்சள் திட்டு விழும் அடிச்சாம்பல் நோயும் வந்து ஒரு வாரத்தில் கொடியைக் கருக்கிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் விதைத்தால் பெப்ரவரி வெயிலில் பூக்கும். விதைத்து 35 முதல் 45 நாளில் முதல் காய் கிடைக்கும்.

15 லீற்றர் பைக்கு ஒரு கொடிதான். மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் உப்புப் போகும். நம்மூர் மண் புளிப்பானது (அமிலத்தன்மை கூடியது), ஆகவே அதைக் குறைக்கும் டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை ஒரு மேசைக்கரண்டி கலக்கலாம். யூரியாவைக் கூட்டினால் இலைதான் தழைக்கும், பெண் பூ குறையும். ஆறு மணி நேர வெயில் விழாத பல்கனியில் வெள்ளரியை விட்டு வேறு ஏதாவது நடுங்கள்.

காய் கசப்பதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றாமல், வெயில் காலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு லீற்றர் ஊற்றுங்கள். கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கடியிலும் கூடுதலாக இருப்பதால், அந்த முனையில் ஓர் அங்குலம் வெட்டித் தோலையும் சீவினால் மிச்சத்தைச் சாப்பிடலாம். பைக்கடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும். செங்கல் மேல் வையுங்கள்.

வீட்டுத்தோட்டத்துக்கு விதை பகிர்ந்தளிக்கும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் மழைக்கு முன்னர் வெள்ளரி விதையைக் கொடுக்க வேண்டாமென்றும், பொட்டலத்தின் மேல் நடவேண்டிய மாதத்தை எழுதிக் கொடுக்குமாறும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகமுள்ளவர்கள் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்ட ஆர்வலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.