ஷெல்டிக்கு அந்த மாத்திரை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிறிய மேய்ப்பு நாய்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஷெல்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஷெட்லாந்து ஷீப்டாக்கின் அழகையும் அறிவையும் கட்டுரையாளர் மனம் நிறைந்து எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், நாய்க்கு வயிற்றுப்போக்கு கண்டால் நாம் சாப்பிடும் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் பதறிவிட்டேன். மருந்தாளுநராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் செவ்வந்தி என்றொரு ஷெல்டியும் இருக்கிறாள். அந்த ஒரு வரியை நம்பி ஒரு நாய் உயிரை விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலானோர் வீட்டில் வைத்திருப்பது லோப்பரமைடு. குடலின் அசைவை மட்டுப்படுத்தும் மருந்து அது. வேதியியல் முறைப்படி பார்த்தால் அபின் வகையைச் சேர்ந்தது. ஆனாலும் நமக்கு மயக்கம் தருவதில்லை. காரணம், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் பி-கிளைக்கோபுரதம் என்றொரு புரதம் இருக்கிறது. வாயிற்காவலரைப் போல நின்று, உள்ளே நுழையப் பார்க்கும் மருந்தை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவின் பெயர் எம்டிஆர்1. சில மேய்ப்பு நாய்களில் இந்த மரபணுவின் குறியீட்டிலிருந்து நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டுப்போயிருக்கின்றன. அதனால் புரதம் முழுமையாக உருவாவதில்லை. மருந்து தடையின்றி மூளைக்குள் போய்ச் சேர்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001-இல் இதைக் கண்டறிந்தார்கள். அவர்கள் வெளியிட்டுள்ள கணக்கின்படி காலி (Collie) என்ற மேய்ப்பு இன நாய்களில் நூற்றுக்கு 70, ஷெல்டிகளில் நூற்றுக்கு 15 இந்தப் பிழையைச் சுமக்கின்றன. பதினைந்துதானே என்று தோன்றலாம். எந்தப் பதினைந்து என்பது நாயின் முகத்தில் எழுதியிருக்கவில்லையே!

ஷெல்டிக்கு இது எப்படி வந்தது என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில், வேலியில்லாத சிறு நிலங்களில் விளைந்த பயிரை ஆடுகள் மேய்ந்துவிடாமல் விரட்டுவது அந்தத் தீவு நாய்களின் வேலை. பின்னாளில் உருவத்தைச் சீராக்க விரும்பியவர்கள் காலி நாயோடு கலந்தார்கள். 1909-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதை 'ஷெட்லாந்து காலி' என்று ஏற்றது. காலி வளர்ப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, 1914-இல் பெயர் ஷெட்லாந்து ஷீப்டாக் என்று மாறியது. பெயரைப் பிரிக்க முடிந்தது, இரத்தத்தைப் பிரிக்க முடியவில்லை. காலிக்கு உள்ள எம்டிஆர்1 பிழையும், கண்ணின் பின்புறம் சரியாக வளராமல் போகும் குறையும் ஷெல்டிக்கும் உண்டு.

செவ்வந்தியும் என் தம்பியின் நாயும் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஓரிரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, இவனுக்கு வயிறு சரியில்லை. பாதி மாத்திரை கொடுக்கட்டுமா?" என்றான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். லோப்பரமைடு. "தொடாதே. தண்ணீரை மட்டும் பக்கத்தில் வை, மருத்துவரை அழை" என்றேன். அந்த வாரமே இரு நாய்களுக்கும் மரபணுப் பரிசோதனை செய்தோம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும், வலியில்லை, வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதுமானது. செவ்வந்திக்குப் பிழை இல்லை. அவள் உடன்பிறப்புக்கு அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் பிழை இருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள பிரதியைப் பெற்ற நாய்க்கு ஆபத்து மிகுதி. ஒரு பிரதி மட்டும் உள்ள நாயும் சில மருந்துகளைத் தாங்காது. ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதைக் கண்ணெதிரே பார்த்தோம்.

லோப்பரமைடு மூளைக்குள் போனால் நாய் முதலில் சோர்ந்து படுக்கும். மருந்து வேலை செய்துவிட்டது, நிம்மதியாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். இதுதான் எனக்குப் பெரிய அச்சம். எழுப்பினால் தள்ளாடும், வாயில் நீர் வடியும். நிலைமை முற்றினால் நினைவு தப்பும்.

இன்னொரு பெயரையும் வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்: ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து. இதயப்புழுத் தடுப்புக்கு மாதம் ஒருமுறை கொடுக்கும் அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். பிழையுள்ள நாயும் அதைத் தாங்கும். ஆகவே இதயப்புழு மருந்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம். சொறிக்குக் கொடுக்கும் அளவோ அதைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு. அந்த அளவுதான் பார்வையை மங்கவைத்து, நடுக்கம் எடுக்கவைத்து, கோமாவில் தள்ளுவது. அதை முறிக்கும் மருந்து என்று ஒன்று கிடையாது. மூச்சையும் நீர்ச்சத்தையும் காத்துக்கொண்டு, மருந்து உடலை விட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கால்நடைகளுக்கான புழு மருந்தை நாய்க்குப் பிரித்துக் கொடுப்பதும், மருந்து கொடுக்கப்பட்ட குதிரையின் சாணத்தை நாய் தின்ன விடுவதும் இதனால்தான் ஆபத்து. மயக்கத்துக்கு முன் கொடுக்கும் அசிப்ரோமசின், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் ஆகியவற்றிலும் மருத்துவர் அளவைக் குறைக்க நேரிடும்.

மரபணு ஒருபுறமிருக்க, ஷெல்டியைத் தெரிந்துகொள்ளக் கை வேண்டும் என்பேன். இரட்டை அடுக்கு மயிர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். செவ்வந்தியைச் சீவும்போதெல்லாம் விலா எலும்புகளின்மேல் விரல்களை ஓட்டிப் பார்ப்பேன். எலும்பு தட்டுப்படவில்லை என்றால் தீனி கூடிவிட்டது என்று பொருள். பிறகு காது நுனி, மூக்கின் மேற்புறம், வால் நுனி மூன்றையும் வெளிச்சத்தில் விலக்கிப் பார்ப்பேன். குட்டிப் பருவத்திலேயே அந்த இடங்களில் மயிர் கொட்டிப் பொருக்குத் தட்டினால், தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். வயதான ஷெல்டி சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, ஈறும் கண்ணும் மஞ்சளித்தால் பித்தப்பையை ஸ்கேன் செய்யக் கேளுங்கள். பித்தம் கூழாகக் கெட்டிப்பட்டுப் பை வெடிக்கும் நிலைக்குப் போவது இந்த இனத்தில் மற்றவற்றைவிட அதிகம்.

குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண் பரிசோதனை ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் நடந்திருக்க வேண்டும். அதன் பிறகு நிறமி படிந்து, இலேசான குறையை மறைத்துவிடும். பெற்றோர் இரண்டும் சாம்பலில் கரும்புள்ளி தெளித்த மெர்ல் நிறம் என்றால் அந்தக் குட்டிகளை விட்டு விலகுங்கள். இரட்டை மெர்லாகப் பிறக்கும் குட்டிகள் பல, காது கேளாமலும் பார்வை இல்லாமலும் அவதிப்படுகின்றன. நிறத்துக்காக இப்படி இனப்பெருக்கம் செய்வதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

தாங்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த மாத்திரை வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் போகாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில், லோப்பரமைடு, ஐவர்மெக்டின் என்ற இரு பெயர்களும் தடித்த எழுத்தில் வரட்டும். வெட்டி எடுத்துத் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ள ஏதுவாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்