மலேரியா எதிர்ப்பு சக்தி சும்மா வரல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஆப்பிரிக்காக்காரங்களுக்கு மலேரியா ஒண்ணும் பண்ணாது, உடம்பு பழகிடும்னு நிறைய பேர் சாதாரணமா சொல்றாங்க, அதுக்காகத்தான் எழுதறேன். பாதி உண்மைதான். 1961ல மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற காம்பியாவுல கோஹன், மெக்ரிகர்ங்கற ஆராய்ச்சியாளர்களோட குழு அந்த ஊர் பெரியவங்க ரத்தத்துல இருந்து காமா குளோபுலின்ங்கற புரதத்த பிரிச்சு, மலேரியால கிடந்த குழந்தைங்களுக்கு ஊசியா போட்டாங்க, கிருமி மளமளன்னு குறைஞ்சுது, ஆனா பிரிட்டன்காரங்க ரத்தத்துல எடுத்தத போட்டப்ப அந்த பலன் இல்ல. இது ஆன்டிபாடியோட, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு உருவாக்கற புரதத்தோட வேலைன்னு அப்பதான் தெளிவாச்சு.

ஆனா அந்த எதிர்ப்பு சக்தி வரணும்னா சின்ன வயசுல திரும்பத் திரும்ப காய்ச்சல் வந்து பொழச்சு எந்திரிக்கணும் சார். பொழைக்காத பிள்ளைங்கள யாரு நினைச்சு பாக்கறாங்க? ஆப்பிரிக்காவுல மலேரியால சாகறவங்கள்ல ஏறக்குறைய நாலுல மூணு பேர் அஞ்சு வயசுக்கு கீழ. வந்த எதிர்ப்பும் முழுசு கிடையாது, காய்ச்சல் இல்லாமலே ரத்தத்துல கிருமி இருக்கும், பல வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தா அதுவும் குறைஞ்சிரும். முதல் தடவ கர்ப்பமா இருக்கற பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம், கிருமி நஞ்சுக்கொடியில போய் ஒட்டிக்கும், அத தடுக்கற ஆன்டிபாடி அவங்களுக்கு அதுவரைக்கும் உருவாகியிருக்காது.

2021லயும் 2023லயும் உலக சுகாதார நிறுவனம் குழந்தைங்களுக்கு ரெண்டு மலேரியா தடுப்பூசிய பரிந்துரை பண்ணிருக்கு. அதப் பத்தி விரிவா ஒரு கட்டுரை போடுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி