குழந்தைகளின் சிடி ரிப்போர்ட்டில் டோஸ் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி மெஷின், அதாவது எக்ஸ்ரே கதிரால் உடம்பின் உள்ளே படம் எடுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தோம் என்று மெஷினே கணக்குப் போட்டுத் தனியாக ஒரு பக்கம் காட்டும். அதைத்தான் டோஸ் என்கிறோம். நான் பார்த்தவரை அந்த எண் ரிப்போர்ட்டில் ஏறுவதே இல்லை. டிஸ்க்கில் கடைசியில் கிடக்கும், அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

பெரியவர்களுக்கு எக்ஸ்ரே கதிரின் வலிமையை 120 கிலோவோல்ட் வைக்கிற வயிறு ஸ்கேனை, சின்னக் குழந்தைக்கு 80-லேயே எடுத்துவிடலாம். மாற்றுவது ஒரு நிமிட வேலைகூட இல்லை. ஆனால் வெளியே கூட்டம், உள்ளே குழந்தை வீல் என்று கத்துகிறது, அவசரத்தில் பெரியவர் செட்டிங்கிலேயே ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? படம் இன்னும் பளிச்சென்று வரும், அவ்வளவுதான். டாக்டரும் குறை சொல்ல மாட்டார். டோஸ் கூடிப்போனதை அந்த எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும், அதைத்தான் நாம் எழுதுவதில்லை.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 2012-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வுப்படி, பத்து வயதுக்குள் தலை ஸ்கேன் எடுத்த 10,000 குழந்தைகளில், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். சின்ன ஆபத்துதான், அடிபட்டு மயங்கிய பிள்ளைக்குக் கட்டாயம் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தலையில் நீர் கோத்து ஷன்ட் (அந்த நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு ஆஸ்பத்திரியில். மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

கலிபோர்னியாவில் 2008-இல், கட்டிலிலிருந்து விழுந்த ஒரு சின்னக் குழந்தையை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒரே இடத்தில் ஸ்கேன் செய்து முகமே சிவந்துபோனது. அதுவும் வேறு சில ஓவர்டோஸ் விவகாரங்களும் சேர்ந்து அங்கே 2010-இல் சட்டமே வந்தது. 2012 ஜூலையிலிருந்து சிடி ரிப்போர்ட்டில் டோஸ் இருந்தாக வேண்டும்.

இங்கே சிடி மெஷினுக்கு லைசென்ஸ் கொடுக்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கப் புது மெஷினா வாங்க வேண்டும்? அதுவரை பெற்றோர்களே, ரிப்போர்ட் வாங்கும்போது, "டோஸ் எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

- ஒரு சிடி டெக்னீஷியன், மதுரை