வின்செஸ்டரில் ஒரு பகல்: கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

நானும் அம்மாவும் வின்செஸ்டர் போய்விட்டு வந்தோம். தம்பி வீட்டிலிருந்து பக்கம்தான், சவுத்தாம்ப்டனில் ரயில் ஏறினால் இருபது நிமிஷத்துக்குள் இறங்கிவிடலாம். அவனுக்கு ஆபீஸ், அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். லண்டனில் பெரிய பெரிய இடமெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினான், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இந்த நாட்டில் ஒரே ஒரு ஊருக்குத்தான் உன்னை அழைத்துப்போக முடியும் என்றால் நான் இந்த ஊருக்குத்தான் அழைத்துப்போவேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படிம்மா.

முதலில் அந்த ஊர்ப் பேராலயத்தின், அதாவது கதீட்ரலின், அஸ்திவாரத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். 1079-ல் வாக்கெலின் என்ற பிஷப் கட்டத் தொடங்கினார், 1093-ல் அர்ப்பணித்தார்கள். கூரைக்கு மரம் வேண்டும் என்று அவர் மன்னர் வில்லியமிடம் கேட்டாராம், மன்னர் சில நாள் கெடு கொடுத்து, அதற்குள் தன் காட்டில் எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவும் எடுத்துக்கொள் என்றாராம், பிஷப் ஊரில் இருந்த அத்தனை ஆட்களையும் திரட்டி அந்தக் கெடுவுக்குள் காடு முழுவதையும் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். இந்தக் கதையை அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது அந்தக் கட்டடம் 170 மீட்டர் நீளம். வாசலில் நின்று பார்த்தால் மறுகோடி தெரியாத மாதிரி அப்படி நீண்டு போகிறது.

இட்சன் ஆற்றை ஒட்டிய தாழ்வான இடம் அது. 1200-ஐ ஒட்டிக் கிழக்குப் பக்கத்தை இன்னும் நீட்டினார்கள், அங்கே அடியில் இருப்பது மக்கிப்போன செடிகொடி படிந்து உண்டான மெத்தென்ற கருப்பு மண். கெட்டியான சரளை அதற்கும் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. அந்தக் காலத்தில் அவ்வளவு ஆழம் போக வழியில்லை. பீச் மரக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். மேலே ஆயிரக்கணக்கான டன் கல் எடை, கீழே அமுங்குகிற மண். எழுநூறு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 1905-ல் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து, கை நுழைகிற அளவு விரிசல் கண்டு, மேலிருந்து கல் உதிர ஆரம்பித்தது. உள்ளே கிழக்குக் கோடியில் நின்று இன்றைக்கும் பார்க்கலாம், தூக்குக்குண்டே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது அந்தச் சாய்வு. நான் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன், அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

தாமஸ் ஜாக்சன் என்ற ஆர்க்கிடெக்ட்டும் பிரான்சிஸ் ஃபாக்ஸ் என்ற எஞ்சினியரும் சேர்ந்து, சுவருக்கு அடியில் குழி தோண்டிச் சரளை வரைக்கும் போய், அங்கிருந்து புது அஸ்திவாரம் கட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தார்கள். தோண்டத் தோண்ட ஊற்று. நீராவி பம்பு வைத்து இறைத்துப் பார்த்தார்கள். நிலத்தடி நீரை அப்படிக் கண்மண் தெரியாமல் இறைத்தால் தண்ணீரோடு பொடிமண்ணும் சேர்ந்து வந்துவிடும், பக்கத்துச் சுவருக்குக் கீழே வெற்றிடமாகி அதுவும் இறங்கும், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போதுதான் ஃபாக்ஸ், தண்ணீரை இறைக்கவே வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே ஆளை இறக்குவோம் என்றார்.

அப்படி இறங்கியவர் பெயர் வில்லியம் வாக்கர். முக்குளிப்பவர். 1906-லிருந்து 1911 வரை, தினம் ஆறு மணி நேரம். பேராலயத்தின் தெற்கிலும் கிழக்கிலும் சுமார் 235 குழிகள், ஆறு மீட்டர் வரை ஆழம். செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த பூட்ஸ், மேலே நின்று ஆட்கள் கையால் பம்பு அடித்துக் குழாயில் காற்று அனுப்ப வேண்டும். கருப்பு மண் கலங்கி உள்ளே கும்மிருட்டு, விளக்கு கொண்டுபோனாலும் பிரயோஜனம் இல்லை, எல்லாம் கையால் தடவித் தடவித்தான். மிச்சமிருந்த மண்ணைச் சரளை தெரியும்வரை அள்ளி அனுப்புவார், பிறகு சாக்கில் நிரப்பிய கான்கிரீட் மூட்டைகள் இறங்கும், அவற்றை நெருக்கி அடுக்கி, சாக்கைக் கிழித்துவிட்டு, அதன்மேல் அடுத்த வரிசை. அது இறுகி அடிப்பக்கம் அடைபட்ட பிறகுதான் குழியை இறைத்துக் காயவைத்து, கொத்தனார்கள் இறங்கி கான்கிரீட் கட்டையும் செங்கலும் வைத்துப் பழைய சுவரின் அடி வரை கட்டிக்கொண்டு வருவார்கள். 25,800 மூட்டை கான்கிரீட், 1,14,900 கான்கிரீட் கட்டைகள், 9 லட்சம் செங்கல். அந்த உடையைப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் நேரம் பிடிக்கும் என்று மதியச் சாப்பாட்டுக்குத் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு, சாப்பிட்டு, பைப் பிடித்துவிட்டு மறுபடியும் இறங்கிவிடுவாராம். சனிக்கிழமை ஆனால் லண்டன் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு சைக்கிளிலேயே போவார் என்கிறார்கள். எழுபது மைல், கயல்!

கடைக்கால் எடுத்த குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலே வேலை எப்படித் தடுமாறும் என்று நம் சைட்டுகளில் சின்ன வயசிலேயே நீ பார்த்திருக்கிறாய். ஆயிரக்கணக்கான டன் சுவர் தலைக்கு மேல் நிற்க, கண் தெரியாமல், அதன் அடியிலிருந்தே மண்ணை அள்ளுவதற்கு எவ்வளவு தைரியமும் எவ்வளவு பொறுமையும் வேண்டும்! 1912-ல் நன்றி வழிபாடு நடந்தபோது மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து கௌரவித்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு ஆறே வருஷம், 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய அந்த விஷக்காய்ச்சலில் போய்விட்டார், 49 வயசு.

உள்ளே அவருக்கு ஒரு சின்னச் சிலை இருக்கிறது. 1964-ல் முதலில் ஒரு சிலை வைத்தார்கள், பழைய போட்டோவில் ஆள் அடையாளம் மாறிப்போய் அந்தச் சிலைக்கு எஞ்சினியர் ஃபாக்ஸின் முகம் வந்துவிட்டது. ஃபாக்ஸ் பெரிய மனிதர்தான், யோசனையே அவருடையது, அவர்மேல் குறை இல்லை. ஆனாலும் இருட்டில் இறங்கி அள்ளினவரின் முகம் 2001 வரை அங்கே இல்லாமல் இருந்திருக்கிறது என்று கேட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை. என்னிடம் வேலை பார்த்த எத்தனையோ பேரை நினைத்துக்கொண்டேன். இப்போது இருக்கும் சிலை அவருடையதுதான், தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் என்மேல் கோபப்படுவாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த காலம் முழுக்க ஜேன் ஆஸ்டின், ஜேன் ஆஸ்டின் என்று சொல்லிக்கொண்டிருப்பாளே, அந்த அம்மாளின் கல்லறை இந்தப் பேராலயத்துக்குள்ளேதான், வடக்குப் பக்க நடையில், தரையோடு பதித்த கருங்கல். 1817 மே மாதம் வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு வந்து, ஜூலை 18-ல் இறந்துவிட்டார், 41 வயசுதான். கல்லில் அவருடைய குணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பக்தியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், நாவல் எழுதியவர் என்று ஒரு வார்த்தை இல்லை. 1872-ல்தான் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை வைத்து அதில் எழுத்தாளர் என்று சேர்த்தார்கள். அம்மா அந்தக் கல்லை இரண்டு முறை வாசித்தாள், உதட்டை அசைத்து, சத்தமில்லாமல்.

அப்புறம் அவர் கடைசியாக இருந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்றாள். காலேஜ் தெருவில், 8-ஆம் நம்பர், மாடியில் ஜன்னல் வெளியே தள்ளி இருக்கும். உள்ளே போகவெல்லாம் வேண்டாம், தெருவிலிருந்து பார்த்தால் போதும். அந்தக் காலத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போகிற வழக்கம் இல்லை, அதனால் அக்கா கசாண்ட்ரா வீட்டிலிருந்தபடியே, சவ ஊர்வலம் அந்தத் தெருவின் கோடியில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம், கடிதத்தில் எழுதியிருக்கிறார். அம்மா இதை எனக்குச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னத் தெரு, கயல். கோடி வரைக்கும் நடந்தால் இரண்டு நிமிஷம் ஆகாது.

பேராலயத்தில் இன்னும் இரண்டு விஷயம் விட்டுவிடாதே. ஒன்று, மேற்கு வாசலுக்கு மேலே இருக்கிற பெரிய கண்ணாடி ஜன்னல். 1642-ல் உள்நாட்டுச் சண்டையில் பாராளுமன்றப் படை உள்ளே புகுந்து அதை நொறுக்கிவிட்டது. பழைய அரசர்களின் எலும்புகள் இருந்த பெட்டிகளைக் கவிழ்த்து, அந்த எலும்புகளையே எடுத்து ஜன்னல்மேல் எறிந்திருக்கிறார்கள், பாவிகள். 1660-க்கு அப்புறம் கிடைத்த கண்ணாடித் துண்டுகளை எந்தப் படமும் இல்லாமல் கிடைத்தபடியே வைத்து ஜன்னலை அடைத்தார்கள். ஒரு முகம் அரைகுறையாக, ஒரு கை, ஒரு துணி மடிப்பு, அதற்குப் பக்கத்தில் வெறும் நீலம். சாயங்கால வெயில் அதில் இறங்கும்போது பார்க்க வேண்டும். எலும்புகளையும் பொறுக்கிப் பெட்டிகளில் போட்டுவிட்டார்கள், யாருடையது எது என்று தெரியாமல். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆராய்ந்து, அதில் குறைந்தது 23 பேருடைய எலும்புகள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தின் ராணியாக இருந்த எம்மாவும் அதில் இருக்கலாம் என்கிறார்கள்.

இன்னொன்று நிலவறை. மழைக்காலத்தில் அதற்குள் தண்ணீர் ஏறிவிடும், நாங்கள் போனது மார்ச், தண்ணீர் இன்னும் வடியவில்லை. நடுவில் ஆன்டனி கோர்ம்லி 1986-ல் செய்த ஈயச் சிலை, ஒரு மனிதர் கால் நனைய நின்று, குவித்த கையைக் குனிந்து பார்க்கிறார். உள்ளே நடக்க விடுவதில்லை, வாசலில் ஒரு மேடையில் நின்று பார்க்கலாம். எனக்கு என்னவோ சிலையைவிடத் தண்ணீர்மேல்தான் கண். இதே தண்ணீரில்தானே வாக்கர் இறங்கினார்.

கதைகளில் வருகிற ஆர்தர் மன்னரின் வட்ட மேஜை என்று கோட்டை மண்டபத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஐந்தரை மீட்டர் அகலம், மேஜையின் மரம் 1200-களைச் சேர்ந்தது, மேலே இருக்கிற வர்ணம் எட்டாம் ஹென்றி காலத்தில் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது, பிள்ளைகள் கூட வந்தால் ரசிப்பார்கள். கடைத்தெரு வழியாக இறங்கிக் கோடியில் ஆல்ஃபிரட் மன்னர் சிலையைத் தாண்டினால் ஆறு. சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவருகிற தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லும் ஆடுகிற பாசியும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஆற்றோரமாகவே புல்வெளி வழியாகத் தெற்கே ஒரு மைல் நடந்தால் செயின்ட் கிராஸ். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா அந்த ஒரு மைலையும் முணுமுணுக்காமல் நடந்தாள்.

செயின்ட் கிராஸ் என்பது ஏழை முதியவர்களுக்காக ஹென்றி ஆஃப் புளுவா என்ற பிஷப் 1130-களில் ஏற்படுத்திய இல்லம். 13 பேருக்குத் தங்க இடம், தினமும் 100 பேருக்குச் சாப்பாடு என்று தொடங்கியது, இன்றும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள், கருப்பு அல்லது சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு. வழிப்போக்கர் யார் வந்து கேட்டாலும் ஒரு துண்டு ரொட்டியும் சின்னக் கொம்புக் குவளையில் பீரும் கொடுக்கிற வழக்கம் இன்னும் நிற்கவில்லை. கேட்டால்தான் கொடுப்பார்கள். அம்மா கூச்சப்படாமல் வாசலில் இருந்தவரிடம் போய்க் கேட்டாள், அவரும் அதே மரியாதையோடு கொண்டுவந்து நீட்டினார். ரொட்டி அம்மாவுக்கு, பீர் ஒரே ஒரு வாய் எனக்கு. விற்பனை இல்லை, ரசீது இல்லை, நீ யார் எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. கொடுக்கிற ஒரு பழக்கம் ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது என்றால் அதைக் கையேந்தி வாங்குவதே பெரிய பாக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

நீ வரும்போது பேராலயத்தைக் காலையிலேயே பார்த்துவிடு, ஆனால் மேற்கு ஜன்னலுக்காக மாலையில் ஒருமுறை தலையைக் காட்டு. நல்ல ஷூ போட்டுக்கொள், புல்வெளியில் சேறு. செயின்ட் கிராஸ் எந்த நாளில் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்.

இன்னொரு விஷயம். உங்கள் மெட்ரோ சுரங்க வேலையில் பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் தோண்டும்போது ஊற்று வந்தால் இப்போது என்ன செய்கிறீர்கள்? இறைக்கிறீர்களா, மண்ணை உறைய வைக்கிறீர்களா, இல்லை சிமென்ட் பால் ஏற்றுகிறீர்களா? வாக்கர் செய்த மாதிரி இன்றைக்கும் முக்குளித்து வேலை செய்கிறவர்கள் உங்கள் சைட்டில் இருக்கிறார்களா? விவரமாக எழுது, வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி போட்டுவிடாதே. முடிந்தால் படமும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா