ஊராட்சித் தேர்தல் வழக்குகளுக்குச் சட்டத்திலேயே கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹரியாணா மாநிலம் பானிப்பட் மாவட்டத்திலுள்ள புவானா லாக்கு ஊராட்சிக்கு 2022 நவம்பர் 2-ஆம் தேதி தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு வாக்குச்சாவடியில் இரண்டு வேட்பாளர்களின் வாக்குகள் இடம் மாறிப் பதிவானதால் குழப்பம் எழுந்து, தோற்றவரே பதவியில் அமர்ந்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2025-இல் உச்ச நீதிமன்றம் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து எண்ண வைத்தது. 51 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தவர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

இது ஹரியாணாவின் சங்கதி என்று நாம் தள்ளிவிட முடியாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 258-ஆம் பிரிவின்படி, ஊராட்சித் தேர்தல் முடிவை எதிர்ப்பவர் 45 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மனுதாரருக்குச் சிக்கல்தான். ஆனால் அந்த மனு எத்தனை ஆண்டுகள் கிடப்பில் கிடந்தாலும் பதவியில் இருப்பவருக்கு ஒரு குறையும் வருவதில்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் வழக்குகளை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. வெறும் முயற்சி என்ற அளவில் நின்றதால் அங்கும் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருக்கிறது. ஊராட்சிக்கு மீற முடியாத கெடு தேவை.

ஊரகத் தேர்தலில் முறைகேடு எங்கே நுழைகிறது என்பதை வாக்கு எண்ணும் மேசையில் பணியாற்றிய என் போன்றவர்கள் அறிவார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நான்கு நிறச் சீட்டுகளும் ஒரே பெட்டியில் விழுகின்றன. அவற்றை நிறவாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாக அடுக்கி, அதன் பிறகுதான் எண்ணத் தொடங்க முடியும். முத்திரை இரு சின்னங்களுக்கு நடுவே பட்ட சீட்டையும், மடித்ததில் மை எதிர்ப்பக்கம் ஒட்டிய சீட்டையும் செல்லும், செல்லாது என்று நள்ளிரவில் கண் எரிய நின்றுகொண்டு பிரிக்கிறோம். சில நூறு வாக்குகளே உள்ள வார்டில் அப்படி ஒரு சீட்டு இடம் மாறினால் முடிவே மாறிவிடும். சமமாக வந்தால் குலுக்கல்தான். இதைப் பின்னால் சரிபார்க்க உறுதியான ஒரு வழி, எண்ணும் மேசையின் காணொளிப் பதிவு. 2024 ஜனவரி 30 அன்று சண்டீகர் மேயர் தேர்தலில் தலைமை வகித்த அதிகாரி எட்டு வாக்குச்சீட்டுகளில் கோடு போட்டு அவற்றைச் செல்லாதவையாக்கியது கேமராவில் பதிவாகியிருந்ததால்தான், மூன்றே வாரங்களில், பிப்ரவரி 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் திருத்த முடிந்தது. ஆகவே எல்லா எண்ணும் மேசைகளிலும் பதிவு கட்டாயமாக வேண்டும். அதன் நகலை வேட்பாளருக்குத் தருவதும், தேர்தல் மனு முடியும்வரை மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருப்பதும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படாமல் சட்டத்தின் கட்டளையாக வேண்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் மாவட்டத் தேர்தல் அலுவலர் மாவட்ட ஆட்சியர். தேர்தல் முடிந்தபின் அதே ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி, தாமாகவோ மூன்றில் இரு பங்கு உறுப்பினர்களின் மனுவின் பேரிலோ தலைவரிடம் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் உறுப்பினர்களின் கருத்தைப் பெற்று, அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் அவருடையது. மேல்முறையீடு என்று போனால் அது அரசிடம். ஆட்சியரை நியமித்ததும் அந்த அரசுதான். நேர்மையான ஆட்சியர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன், அவர்கள் மீது எனக்கு ஐயம் இல்லை. ஆனால் தேர்தலை நடத்துவதும், நிர்வாகத்தைக் கண்காணிப்பதும், பதவியைப் பறிப்பதும் ஒரே கையில் இருப்பது, அந்தக் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், முறையாகாது.

இதன் பாரம் அதிகம் விழுவது தனித் தொகுதிகளில் வென்ற பட்டியல் சாதித் தலைவர்கள் மீதும் பெண் தலைவர்கள் மீதும்தான். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வழங்கத் துணைத் தலைவரின் கையொப்பமும் வேண்டும் என்பது சட்டம். ஊரின் செல்வாக்குள்ள தரப்பு துணைத் தலைவரைக் கையெழுத்துப் போடவிடாமல் தடுத்துவிட்டால் குடிநீர் மோட்டார் பழுதுகூட மாதக்கணக்கில் நிற்கும். பிறகு பணி நடக்கவில்லை என்பதே தலைவர் மீதான குற்றச்சாட்டாகிவிடும். கேரளத்தில் ஊராட்சித் தலைவரை விலக்க உறுப்பினர்களின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேண்டும். உறுப்பினரின் தகுதியிழப்பை முடிவு செய்வது மாநிலத் தேர்தல் ஆணையம். நம்மிடமும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. 205-ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றச்சாட்டை முதலில் அந்த நடுவம் விசாரித்து அறிக்கை தர வேண்டும், அந்த அறிக்கை இல்லாமல் நீக்கல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று திருத்தம் செய்வதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

2016-இல் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தல் வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் இருந்தன. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். அவர்களின் காலத்தை நீட்டிக்கச் சட்டத்திருத்தம் செய்ய முடிகிற பேரவை, தேர்தல் மனுவுக்கு ஆறு மாதக் கெடுவை விதிக்கவும், அதற்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நீதிபதியை உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு ஒதுக்கவும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவு நீதிமன்றத் தலையீட்டைத் தடுக்கும். பிறகு மனு ஒன்றுதான் வழி. எனவே இந்தத் திருத்தங்கள் அடுத்த ஊரகத் தேர்தலுக்கான அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே பேரவையில் நிறைவேற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக அரசையும் எதிர்க்கட்சிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.